ஒரே கிரவுண்ட் வளையமா, வெட்டிப் பிரித்ததா?

அனலாக் சிப் லேஅவுட் பழக வரும் பிள்ளைகளுக்கு பேட் ரிங்கை (சிப்பின் ஓரத்தில் பின்களோடு இணையும் பேடுகளின் வளையம்) விளக்க நான் புதுச்சேரி டவுன் மேப்பைத்தான் விரிப்பேன். கடற்கரைச் சாலை, சுப்பையா சாலை, அண்ணா சாலை, எஸ்.வி. படேல் சாலை என்று புல்வார்டு பழைய ஊரைச் சுற்றி வளைத்து நிற்கிறது. சிப்பில் விடிடி (சப்ளை), விஎஸ்எஸ் (கிரவுண்ட்) வளையங்கள் ஓடுவதும் அப்படித்தான். ஊருக்கு நடுவே பெரிய வாய்க்கால். அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் இடையே அதுபோல ஒன்றை வெட்டலாமா? டேப்-அவுட்டுக்கு, அதாவது டிசைனைத் தயாரிப்புக்கு அனுப்புவதற்கு, முன்னால் தவறாமல் வரும் சண்டை இது.

வெட்டாமல் விட்டால் இஎஸ்டி (நிலைமின் அடி) பாதுகாப்புக்குக் கொண்டாட்டம். எந்தப் பின்னில் அடி விழுந்தாலும் மின்னோட்டம் பேடின் மேல் டையோடு வழியே விடிடி வளையத்துக்கு ஏறி, கிளாம்ப் (அடி விழும்போது மட்டும் திறக்கும் பாதை) வழியாக விஎஸ்எஸ்ஸுக்கு இறங்கி, அடுத்த பின்னில் வெளியேறிவிடும். தொல்லை அன்றாடப் பிழைப்பில்தான். ஒரு டிஜிட்டல் அவுட்புட் 1 நானோ நொடியில் 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். பேடைப் பின்னோடு இணைக்கும் 2 மில்லிமீட்டர் பாண்ட் வயர் சுமார் 2 நானோ ஹென்றி. கிரவுண்ட் 40 மில்லிவோல்ட் துள்ளும். 1.8 வோல்ட்டை அளக்கும் 12 பிட் ஏடிசிக்கு (அனலாக் வோல்டேஜை எண்ணாக்கும் சர்க்யூட்) ஒரு படியே 0.44 மில்லிவோல்ட்தான்!

சரி, வெட்டிவிடலாம் என்றால், பாலமே இல்லாமல் வெட்டுவதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2024 ஃபெஞ்சல் மழையில் வடிய வழியில்லாத தண்ணீர் வீட்டுக்குள் புகுந்ததே, அதே கதை சர்க்யூட்டுக்குள் நடக்கும். வெட்டிய இரண்டு விஎஸ்எஸ்ஸுக்கும் நடுவே பாலமாக எதிரெதிர் டையோடு ஜோடி போட வேண்டும். 40 மில்லிவோல்ட் துள்ளலுக்கு அது அசையாது, இஎஸ்டி அடிக்குத் திறந்துவிடும். ஆனால் மேலே மெட்டலை வெட்டினாலும் அடியில் சப்ஸ்ட்ரேட், அதாவது சிலிக்கான் தளம், ஒன்றுதான். இரைச்சல் அதில் ஊறி வரும். வெட்டினால் இரைச்சலே வராது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் சிப் ஒன்று 2 கிலோ வோல்ட் ஹெச்பிஎம் சோதனையில் (மனிதர் தொடும்போது விழும் இஎஸ்டி அடியைப் போலச் செய்வது) செத்தது. அனலாக் பின்னில் அடி, டிஜிட்டல் பின் தரையில். மனித உடலுக்குப் பதிலாக வைக்கும் ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம், ஆக 1.33 ஆம்பியர் பாயும். டையோடு ஜோடி இருந்தது, ஆனால் ஒரே ஒரு மூலையில். அங்கே போய்ச் சேர 20 மைக்ரான் அகல வளையத்தில் 1000 மைக்ரான் ஓட வேண்டும்: நீளத்தை அகலத்தால் வகுத்தால் 50 சதுரம், சதுரத்துக்கு 0.07 ஓம், மொத்தம் 3.5 ஓம். மெட்டலிலேயே 4.7 வோல்ட் விழுந்தது. அதற்கு மேல் டையோடுகளிலும் கிளாம்ப்பிலும் விழுந்த வோல்டேஜ் வேறு. பேடைத் திறந்து பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. டிஜிட்டலிலிருந்து அனலாக்குக்குச் சிக்னல் வாங்கும் ஒரு சின்ன இன்வெர்ட்டரின் கேட் ஆக்சைடு (டிரான்சிஸ்டர் கேட்டின் மெல்லிய காப்புப் படலம்) ஓட்டையாகியிருந்தது. இரண்டு கிரவுண்டுக்கும் இடைப்பட்ட வோல்டேஜ் முழுவதையும் அது ஒன்றே தாங்கியிருக்கிறது, பாவம். பிறகு வெட்டிய இரண்டு இடத்திலும் ஜோடி போட்டோம், வளையத்தை இரண்டு மெட்டல் அடுக்கில் ஓட்டினோம், அந்த கேட்டுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டரும் குட்டி கிளாம்ப்பும் வைத்தோம்.

கிளாக் இல்லாத ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), எல்டிஓ (வோல்டேஜ் ரெகுலேட்டர்) மாதிரியான சிப்புகளில் நான் வெட்ட மாட்டேன். வளையத்தை இஎஸ்டிக்கு விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் அனலாக் கிரவுண்டை பேடிலிருந்தே தனி மெட்டலில் இழுத்துவிடுவேன். ஏடிசி, பிஎல்எல் (கிளாக் உண்டாக்கும் சர்க்யூட்) இருந்து பக்கத்திலேயே டிஜிட்டல் அவுட்புட்டுகளும் துள்ளினால் வெட்டு, பாலத்தோடு.

விடிடி பக்கம் மட்டும் இதே பாலத்தை யோசிக்காமல் போடாதீர்கள். அனலாக் சப்ளை முதலில் எழுந்து டிஜிட்டல் சப்ளை இன்னும் சுழியத்தில் இருந்தால், அந்த டையோடு வழியாக அனலாக் சப்ளையே டிஜிட்டல் பகுதி முழுவதற்கும் சோறு போட ஆரம்பித்துவிடும்.