பள்ளமா, பலகையா? ஃபார்முலா 1 வேகத்துக்குப் போட்ட இரண்டு கடிவாளங்கள்
மழையில் கொழும்பின் காலி வீதியில் ஓடும்போது டயரின் பள்ளம் தண்ணீரை வெளியேற்றிப் பிடி தரும். உலர்ந்த பாதையிலோ தரையைத் தொடும் றப்பரைக் குறைத்துவிடும். கார்களின் வேகத்தைக் குறைக்க 1998இல் ஃபார்முலா 1 கார்ப்பந்தயம் இதைத்தான் பயன்படுத்தியது: முன் டயரில் 3, பின் டயரில் 4 பள்ளங்கள். ஆனால் டயர்ப்பிடி குறைந்ததும் கார்கள், ஓடும்போது காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் சிறகுகளின் அழுத்தத்தையே அதிகம் நம்பின. முன்னால் போகும் கார் கலக்கிவிடும் காற்றில் அந்த அழுத்தம் குறைவதால் முந்துவது கடினம். 2009இல் பள்ளமில்லாத டயர் திரும்பியது சரியான முடிவு.

இத்தாலியின் இமோலா பந்தயப் பாதையில் ஓட்டுநர்கள் சென்னாவும் ராட்ஸன்பேர்கரும் இறந்தபின் 1994இல் வந்த, காரின் அடியில் பொருத்தும் அடிப்பலகையே மேல். தடிப்பு 10 மில்லிமீற்றர். 1 மில்லிமீற்றருக்கு மேல் தேய்ந்தால் தகுதிநீக்கம். அதனால் காரைத் தரையோடு ஒட்ட இறக்க முடியாது, அடித்தளத்தின் உறிஞ்சுவிசை குறையும். 2023இல், அமெரிக்காவின் மேடுபள்ளமான ஒஸ்டின் பாதையில், ஒரேயொரு பயிற்சி அமர்வுக்குப் பின் காரின் உயரத்தைத் தாழ்வாக வைத்த ஓட்டுநர்கள் ஹமில்டனும் லெக்லேரும் பலகை தேய்ந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள்.