வெயில் ஊரில் பருத்தி நூல் நிட்டிங்: சில கோடைகளின் அனுபவம்

சென்னையில் இருந்துகொண்டு நிட்டிங் செய்கிறேன் என்றால், "இந்த வெயில்ல ஸ்வெட்டரா?" என்று கேட்காத ஆளே இல்லை. கேட்பவர் சட்டைக்குள் போட்டிருக்கும் திருப்பூர் பனியனும் நிட்டிங்தான். அது மெஷின் பின்னியது, இது கை பின்னுவது, அவ்வளவே வித்தியாசம். பழைய பனியனை வெட்டிப் பாருங்கள், ஓரம் சுருளும். ஊசியில் ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று போட்டுக்கொண்டே போனால் நம் துணியும் அப்படித்தான் சுருளும்.

உல்லன் நூலை ஓரம் கட்டிவிட்டுப் பருத்திக்கு மாறிச் சில கோடைகள் ஆகின்றன. இரண்டு வகைப் பருத்தியும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒன்று மெர்சரைஸ்டு. காஸ்டிக் சோடாவில் பதப்படுத்திய நூல். பளபளக்கும், சாயம் நன்றாகப் பிடிக்கும், பஞ்சு கிளம்பாது. ஆனால் ஊசியில் வழுக்கும். இன்னொன்று சாதாரணப் பருத்தி. மெத்தென்று இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். முகம் துடைக்கிற சின்னத் துண்டுக்கு அதுதான் சரி. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தத் துண்டிலேயே தொடங்கலாம். அளவு முன்னே பின்னே போனாலும் யாருக்கும் தெரியாது.

பருத்தியில் பெரிய சிக்கல் அதற்குச் சுருங்கி விரியும் குணம் கிடையாது என்பதுதான். கம்பளியை இழுத்துவிட்டால் திரும்பி வரும், பருத்தி போனது போனதுதான். அதனால் ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ஓரப் பட்டை) போடும்போது ஊசியை இரண்டு அளவு குறைத்துக்கொள்கிறேன். சாக்ஸ் பக்கம் போவதே இல்லை, ஒரு மணி நேரத்தில் கணுக்காலில் தொங்கும். மாதிரித் துண்டு பின்னி அளப்பது கம்பளியில் நல்ல பழக்கம், பருத்தியில் கட்டாயம். அதுவும் பின்னியவுடன் அளந்தால் போதாது. துவைத்து, கீழ் ஓரத்தில் நாலைந்து துணி கிளிப் மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டு, அப்புறம் அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு 22 ஸ்டிச் (கண்ணி) என்று கணக்குப் போட்டால் 90 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 198 ஸ்டிச். துவைத்த பிறகு அது 21 ஆகிவிட்டால் அதே 198 ஸ்டிச் 94 சென்டிமீட்டரைத் தாண்டும். ஒரே ஒரு ஸ்டிச்!

ஊசி எண்ணும் ஆளைக் குழப்பும். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்தான் ஓடுகிறது, எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் எண் கூடினால் ஊசி தடிக்கும். நம் 8 என்பது 4 மில்லிமீட்டர், அவர்களின் 8 என்பது 5. எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பார்ப்பதே நிம்மதி.

உள்ளங்கை வியர்க்கிற ஊரில் நூலும் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். வழுக்கும் மெர்சரைஸ்டு நூலுக்கு மூங்கில் ஊசி, ஒட்டிக்கொள்ளும் சாதாரணப் பருத்திக்கு அலுமினியம் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். கேபிள் வைத்த வட்ட ஊசி வாங்கிய பிறகு நேர் ஊசியைத் தொடுவது குறைந்துவிட்டது. பருத்தி கனம், அந்தக் கனம் மணிக்கட்டில் ஏறாமல் மடியில் இறங்கிவிடுகிறது. கேபிள் சுருண்டே கிடந்தால் வெந்நீரில் கொஞ்சம் முக்கி எடுத்து நீவினால் நேராகும். ஊசி முனையைக் கேபிளிலிருந்து கழற்றி மாட்டும் செட்டில் ஒரு குறை உண்டு. நாளாக ஆகத் திருகு தளர்ந்து, அந்த இடுக்கில் நூல் மாட்டும். நாலு வரிசைக்கு ஒருமுறை இறுக்குவது இப்போது கைப்பழக்கம்.

புதிதாகக் கற்றதில் எனக்கு ரொம்பப் பிடித்தது லேஸ். ஓட்டை ஓட்டையாக இருப்பதால் காற்று வரும், துணியும் கனக்காது. ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்த அலை டிசைன் ஒன்று பார்க்கப் பெரிய வித்தைபோல இருக்கும், ஆனால் நாலு வரிசையில் ஒரு வரிசைக்குத்தான் மூளை வேண்டும். 18 ஸ்டிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை நிட், பிறகு நூலை ஊசிமேல் போட்டு ஒரு நிட், இப்படி ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. மூன்றும் பன்னிரண்டும் மூன்றும் சேர்ந்து அதே 18. கணக்கு உதைத்தால் அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிறத் தையல் நூலை எல்லா ஸ்டிச்சுக்குள்ளும் கோத்து வைத்துவிடுங்கள். ஒன்று நழுவினாலும் அந்த நூல்வரைதான் பிரியும்.

கழுத்துப் பக்கம் பாதி வரிசையில் திரும்ப வேண்டியபோது ஜெர்மன் ஷார்ட் ரோ என்ற முறையைக் கற்றுக்கொண்டேன். திரும்பியதும் முதல் ஸ்டிச்சைப் பின்னாமல் மற்ற ஊசிக்கு மாற்றி, நூலை ஊசிமேல் பின்னுக்கு இழுத்தால் அது இரட்டைக் காலோடு நிற்கும். பிற்பாடு இரண்டையும் ஒன்றாகப் பின்ன வேண்டும். திரும்பும் இடத்தில் விழும் ஓட்டையைக் கம்பளியின் பஞ்சு மறைக்கும், பருத்தி அப்படியே காட்டிக்கொடுக்கும். நூலைச் சுற்றித் திரும்பும் பழைய முறையைவிட இது எனக்குச் சுத்தமாக வருகிறது.

நூல் முனையைப் பருத்தியில் சும்மா செருகினால் ரெண்டு துவையலில் வெளியே எட்டிப் பார்க்கும். 15 சென்டிமீட்டர் விட்டு, இழைகளைப் பிரித்து எதிரெதிர்த் திசையில் ஓட்டுங்கள். துவைத்ததும் கொடியில் போடாதீர்கள், ஈர கனத்தில் டாப் நைட்டி ஆகிவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் பாய்மேல் விரித்தால் மே மாதத்தில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

கையில்லாத டாப் ஒன்றுக்கு எனக்கு 350 கிராம்போலப் பிடிக்கிறது. வாங்கும்போது லேபிளில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுப்பின் எண்) எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று பார்த்து, ஒரு உருண்டை கூடவே வாங்கிவிடுங்கள். அப்புறம் போனால் அதே நீலம் கிடைக்காது.