6 பவுண்டு என்று அச்சிட்ட தூண்டில் நரம்பை நம்பி ஏமாந்தேன்

3 கிராம் ஜிக் (எடை சேர்த்த தூண்டில் முள்ளாலான செயற்கை இரை) வீசுவதற்கென்று மெல்லிய நைலான் நரம்பு கேட்டு, இணையவழியில் ஒரு விற்பனையாளரிடம் ஏமாந்தேன். இலேசான லூர் (செயற்கை இரை) வாங்கி வைத்திருப்பவர்கள் நரம்பைச் சுற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஸ்பூலின் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) மேல் அறுபடும் எடை 6 பவுண்டு, தடிமன் 0.22 மி.மீ. என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். ரீலில் ஏற்றும்போதே நரம்பு விறைப்பாக இருந்தது; புதியது அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். முதல் வீச்சில் ஜிக் நாலைந்து மீட்டர்கூடப் போகாமல் விழுந்தது, அதன் பின்னால் நரம்பு சுருள் சுருளாகத் தண்ணீரின் மேல் கிடந்தது. என் ராட் (தூண்டில் கோல்) 1 முதல் 7 கிராம் வரையிலான லூருக்கு உரியது என்பதால் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. என் கைப்பழக்கத்தைத்தான் இரண்டு நாள் நொந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பென்சிலில் அந்த நரம்பை இடைவெளியில்லாமல் 50 சுற்று சுற்றி அளவுகோலை வைத்தேன். 0.22 மி.மீ. என்றால் 11 மி.மீ. வந்திருக்க வேண்டும், வந்ததோ பதினேழரை, அதாவது உண்மையான தடிமன் 0.35 மி.மீ. பிறகு தொங்குதராசில் முடிந்து இழுத்தபோது, 2.7 கிலோவை ஒட்டி அறுந்திருக்க வேண்டிய 6 பவுண்டு நரம்பு 6 கிலோவைத் தாண்டித்தான் அறுந்தது.

விற்பனையாளரிடம் சொன்னதற்கு, “அதிக பலம் கிடைத்திருக்கிறதே, உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று பதில் வந்தது. நஷ்டம் இருக்கிறது. ஸ்பூலில் இருந்து நரம்பை உருவிக்கொண்டு போவது லூரின் எடைதான். 3 கிராமுக்கு அந்தத் தடித்த, சுருள் நிமிராத நரம்பை இழுத்துச் செல்லும் தெம்பு கிடையாது, போதாக்குறைக்கு வளையங்களில் உரசலும் காற்றின் இழுப்பும் கூடும். தண்ணீருக்குள்ளும் தடித்த நரம்பு ஜிக்கை மேலே தூக்கிப் பிடிப்பதால் அது தாமதமாக இறங்கும், அதன் இயல்பான அசைவும் கெடும். ரீலில் சுற்றிவிட்ட நரம்பைத் திரும்பப் பெற மாட்டோம் என்பதோடு அவர்கள் பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

அதே பொதியில் வாங்கிய, 8 இழை என்று போட்டிருந்த பிரெய்டின் (இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு) நுனியை அதன் பின்னர்தான் பிரித்துப் பார்த்தேன்: 4 இழைதான். (இதைப் பார்க்க ஊசி ஒன்று போதும், எனக்குத்தான் முன்பே தோன்றவில்லை.)

இப்போது 2 முதல் 4 கிராம் லூருக்கு 4 பவுண்டு நைலான், அல்லது ஏறக்குறைய 0.13 மி.மீ. வரும் பி.இ. 0.6 (பி.இ. என்பது பிரெய்டின் தடிமனைக் குறிக்கும் எண்) பிரெய்டும், அதன் நுனியில் லீடராக (லூருக்கு முன் முடியும் துண்டு நரம்பு) ஒரு மீட்டர் ஃபுளோரோகார்பன் என்ற வேறுவகை நரம்பும் பயன்படுத்துகிறேன். முழு ரீலுக்கும் ஃபுளோரோகார்பன் போடச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அது நைலானைவிட விறைப்பானது, தண்ணீரில் மூழ்கக்கூடியதும்கூட, ஆகவே நீர்ப்பரப்பில் ஓடும் சிறு லூருக்குப் பொருந்தாது.

பவுண்டு எண்ணை மட்டும் போட்டுத் தடிமனைப் போடாத ஸ்பூலை வாங்காதீர்கள். போட்டிருந்தாலும், ரீலில் ஏற்றுவதற்கு முன் முதல் இரண்டு மீட்டரை மட்டும் உருவிப் பென்சிலில் சுற்றி அளந்து, அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.