சிவப்பு லெட்டூஸ்: கோத்தகிரித் தோட்டத்துக்கு எந்த ரகம் தோது?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு பாத்தியும் ஒரு காலத்தில் தேயிலை நின்ற மண். ரகத்தைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்; மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5-லிருந்து 5.5 வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். சாலட்டில் பச்சையாகப் போடும் இலையான லெட்டூஸ் 6-க்கு மேல் கேட்கும். இது தெரியாமல் நட்ட முதல் வருடம் ஒரு செடிகூடக் கையகலத்தைத் தாண்டவில்லை. அப்புறம் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புப் பொடி தூவி, கொத்திவிட்டு, மூன்று வாரம் ஆறப்போட்டு நட்டேன். அதே விதை, அதே பாத்தி, செடி மட்டும் வேறு. அதனால் எந்த ரகம் நல்லது என்று யாராவது கேட்டால், மண்ணைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சரி, ரகத்துக்கு வருவோம். சிவப்பில் நான் மூன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறேன்: லொல்லோ ரோஸ்ஸோ, சிவப்பு ஓக் லீஃப், ரெட் செயில்ஸ். மூன்றுமே கோசு மாதிரி உருண்டை கட்டாதவை. இலை இலையாகப் பறித்துக்கொண்டே இருக்கலாம்.

அழகுப் போட்டி வைத்தால் லொல்லோ ரோஸ்ஸோவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. இத்தாலி ரகம். பாவாடை நாடாவை இழுத்துச் சுருக்கியது போல ஓரமெல்லாம் சுருள் சுருளாக, ஒயின் நிறத்தில் இருக்கும்; அடியில் மட்டும் வெளிர் பச்சை. முதல் தடவை அது பாத்தியில் நிறைந்து நின்றபோது பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் நின்று, “அக்கா, பீட்ரூட்டையா இவ்வளவு நெருக்கமா போட்டிருக்கீங்க?” என்று கேட்டாள். இலை சற்றுத் தடிப்பு, லேசான கசப்பு. வெட்டி வைத்தாலும் சீக்கிரம் துவளாது. ஹோட்டல்காரர்களும் காய்கறிக் கடைக்காரர்களும் அதைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்தச் சுருள்தான் மழைக்காலத்தில் வினை. கோத்தகிரி கிழக்கைப் பார்த்த சரிவு. ஊட்டியை ஜூன், ஜூலை மழை நனைக்கும் என்றால், எங்களைப் போட்டு அடிப்பது அக்டோபர், நவம்பர் மழை. ஒவ்வொரு துளியும் மண்ணைத் தெறித்து அந்த மடிப்புக்குள் கொண்டுபோய் வைக்கும். மூன்று தண்ணீரில் அலசினாலும் கடைசியில் பல்லில் நறநறக்கும். போதாததற்கு ஓடில்லாத நத்தைகள் குடியிருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. இரவு டார்ச் அடித்துப் பொறுக்குவேன். மறுநாள் சமையலறைத் தொட்டியில் இன்னும் இரண்டு மிதக்கும். தொடர்ந்து நாலு நாள் வெயில் இல்லையென்றால் குருத்தில் தண்ணீர் தங்கி அழுகலும் வந்துவிடும்.

ஓக் லீஃப் இதற்கு நேர் எதிர். பேருக்கு ஏற்றபடி ஓக் இலை போல விரல் விரலாகப் பிரிந்த, தட்டையான இலை. மழை நின்றால் அரை மணியில் உலர்ந்துவிடும். நத்தை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கசப்பு இல்லை, மெத்தென்று இருக்கும். நட்டு ஐந்தாறு வாரத்தில் பறிக்க ஆரம்பிக்கலாம். குறை ஒன்று உண்டு: பறித்த கொஞ்ச நேரத்திலேயே தொங்கிப்போகும். சந்தைக்கு அனுப்புகிறவர்களுக்கு அது பெரிய குறைதான். எனக்கு என்ன? அடுப்பில் தோசை வெந்துகொண்டிருக்கும்போது கத்தியோடு பின்கட்டுக்குப் போகிறேன், ஐந்து நிமிடத்தில் இலை தட்டில் இருக்கிறது. இரண்டு நாள் தாங்குமா என்ற கேள்வி கடைக்காரருடையது. அவருடைய அளவுகோலை வைத்து நான் மூன்று வருடம் லொல்லோ ரோஸ்ஸோவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

ரெட் செயில்ஸ் பற்றி நிறையச் சொல்ல இல்லை. அமெரிக்காவில் புது ரகங்களை நட்டுப் பார்த்துத் தரும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருதை 1985-ல் வாங்கிய ரகம். பெரிய செடி, சீக்கிரம் தண்டு விடாது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை, மற்ற இரண்டும் பூத்தண்டு நீட்டிக் கசக்கத் தொடங்கும்போது இது மட்டும் பொறுத்துக்கொள்ளும். தண்டு விட்ட லெட்டூஸை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும், கசப்பு அதில்தான். நிறம் மட்டும் சுமார்: நிழல் கொஞ்சம் கூடினாலும் பழுப்பும் பச்சையுமாக நின்றுவிடும்.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. சிவப்பு லெட்டூஸ் என்று வாங்கிவந்து போட்டது பச்சையாகவே நிற்கிறதே என்று நானும் ஒருமுறை விதைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். தப்பு என்னுடையது. சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. வெயில் நேராகப் பட்டு, இரவு குளிர்ந்தால்தான் அது இலையில் ஏறும். நான் நட்டிருந்தது சில்வர் ஓக் மர நிழலில்.

திறந்த பாத்தியா, ஷீட் போட்ட பந்தலா என்ற கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கிறது. பாலித்தீன் ஷீட்டுக்குக் கீழே மழைத் தெறிப்பு இல்லை, ஆலங்கட்டி பயம் இல்லை, இலை பளிச்சென்று சுத்தமாக இருக்கும். ஆனால் பந்தலுக்கு விற்கும் ஷீட்டுகளில் பல புற ஊதாக் கதிரைத் தடுப்பவை. இலை மெல்லிசாகி, சிவப்பு வெளுத்துவிடும். நான் கண்டுகொண்ட வழி, ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மூங்கில் வளைத்து ஷீட்டைப் போடுவது. மழை விட்டதும் பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே சுருட்டிவிடுவது. அந்த ஒரு வார வெயிலில் நிறம் ஏறிவிடுகிறது. மற்ற மாதங்களில் திறந்த பாத்திதான். காட்டுமாடு வராமல் வேலி மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். அது ஒரு தடவை நடந்துபோனாலே பாத்தி காலி, தின்னக்கூட வேண்டியதில்லை.

ஊட்டியில் இருக்கும் என் தங்கைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவள் வீடு பள்ளத்தில். டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும்போது ஓக் லீஃப்பின் மெல்லிய இலை காலையில் வெந்த கீரை மாதிரி கிடக்கும். லொல்லோ ரோஸ்ஸோவின் தடித்த இலை லேசான பனியைத் தாங்குகிறது என்கிறாள். அரசு தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் என்ற செடியின் கிளைகளைப் போட்டு மூடுவார்களே, அதே மாதிரி சாயங்காலமே மூடிவிடுகிறாள். அவளுக்கு லொல்லோ ரோஸ்ஸோதான் சரி.

எது போட்டாலும் விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மேலே சலித்த மண் தூவினால் போதும். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி. பறிக்கும்போது வெளி இலைகளை மட்டும் எடுங்கள், குருத்து திரும்ப வரும். இன்னொன்று, பொரியல் செய்துவிடாதீர்கள். என் மாமியார் ஒருநாள் ஆசையாகத் தேங்காய்ப்பூ போட்டு வதக்கினார். அத்தனை சிவப்பும் போய், வாணலியில் கறுத்த பாசி மாதிரி ஒரு பிடி மிஞ்சியது. வேர்க்கடலைப் பொடி, வெங்காயம், எலுமிச்சைச் சாறு, பச்சையாகவே அவ்வளவுதான்.

இந்த வருடம் மூன்று பாத்தியில் ஓக் லீஃப், நாலாவதில் ரெட் செயில்ஸ். லொல்லோ ரோஸ்ஸோ இரண்டே செடி, வாசல் படியோரத் தொட்டியில், ரோஜாவுக்குப் பக்கத்தில்.