வேனா, பஸ்ஸா, ஜீப்பா? மங்கோலியாவில் நான்கு நண்பர்கள்

மங்கோலியாவை நண்பர்களோடு சுற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால், எங்கே போவது என்பதில் பெரிய சண்டை வராது. எதில் போவது என்பதில்தான் வரும். எங்களுக்கு அது வாட்ஸப் குழுவிலேயே ஆரம்பித்துவிட்டது. தலைநகர் உலான்பாத்தரில் இறங்கும்போது இரண்டு பேர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

நாடு சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போலப் பன்னிரண்டு மடங்கு. மக்கள் ஏறக்குறைய 35 லட்சம் பேர்தான், அதில் பாதிப்பேர் தலைநகரிலேயே இருக்கிறார்கள். தார்ச்சாலை முக்கியமான ஊர்களைத் தொட்டுவிட்டு நின்றுவிடும். அதற்கு அப்புறம் புல்வெளியில் டயர் போன தடங்கள்தான். ஒன்று பத்தாகப் பிரியும், பத்தில் எது சரியென்று பலகை எதுவும் சொல்லாது. எதில் போகிறோம் என்பது அங்கே அதனால்தான் பெரிய கேள்வி.

நாங்கள் நான்கு பேர், கல்லூரிக் கூட்டாளிகள். பெயர் வேண்டாம், குணம் போதும்: பொது உண்டியலை வைத்திருந்த கணக்கர், முட்டைகூடத் தொடாத சைவர், வெளிச்சம் சரியில்லை என்றால் நகராத கேமராக்காரி, அப்புறம் நான். எட்டு நாள் ஓட்டுநரோடு வேன், ஐந்து நாள் பஸ், நான்கு நாள் நாங்களே ஓட்டிய ஜீப் என்று மூன்றையும் பார்த்துவிட்டோம். திட்டமிட்டு அல்ல, ஒன்றில் சலித்து அடுத்ததற்குத் தாவியதில் அப்படி அமைந்தது.

வேனை அங்கே 'புர்கோன்' என்கிறார்கள். உல்யானவ்ஸ்க் ஆலையில் 1965 முதல் பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருக்கும் ரஷ்ய வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும். பார்க்க ஒரு முழு பிரெட்டுக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். ரஷ்யர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் அதுவே. எஞ்சின் முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்குள் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்தில் உட்காருபவருக்குக் காட்சி பிரமாதம், ஆனால் மதியத்துக்குள் இடது தொடை வெந்துவிடும். பின்னால் எதிரெதிர் சீட்டுகள். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் அரைமணி நேரத்தில் பாலிதீன் கவர் கேட்பார். எந்தக் கண்ணாடியை எப்படி மூடினாலும் புழுதி உள்ளே வந்துவிடும். இரண்டாம் நாள் காலையில் கணக்கர் ஒரு தாளில் சீட்டு முறை எழுதி ஒட்டினார், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறவேண்டும் என்று. சிரித்தோம். அந்தத் தாள் இல்லையென்றால் நான்காம் நாள் யாராவது ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்.

வேனின் பெரிய லாபம் ஓட்டுநர்தான். எங்களைவிட இருபது வயது மூத்தவர், ஆங்கிலம் பத்து வார்த்தை. அங்கே மூத்தவரை 'அஹா' என்று கூப்பிடுகிறார்கள். நாம் அண்ணே என்பதுபோல. மூன்றாம் நாள் வண்டி நடுப்பாலையில் இருமி நின்றது. அஹா இறங்கி, பெட்ரோல் குழாயைக் கழற்றி, வாயால் ஊதி, துப்பி, திரும்ப மாட்டினார். நாற்பது நிமிடம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. நாங்கள் மட்டும் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை.

வேனில் சண்டை நேரத்தை வைத்து வரும். பயன்ஸாக் என்று ஒரு செம்மண் பள்ளத்தாக்கு, 1923-இல் அமெரிக்க ஆய்வாளர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் குழு டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்த இடம். அந்தப் பாறைகள் சாயங்கால வெயிலில்தான் பற்றி எரிவதுபோல நிற்கும். கோடையில் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகும். கேமராக்காரி காத்திருக்கலாம் என்றாள். சைவர் காலையிலிருந்து பிஸ்கட்டில் ஓடிக்கொண்டிருந்தார். கணக்கர், இருட்டில் தடம் தெரியாது என்றார். அஹா எதுவும் சொல்லாமல் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் காத்திருந்தோம், படம் அற்புதம், இரவுச் சாப்பாடு இல்லை. மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு நாள் ராஜாங்கம்: அன்றைக்கு எங்கே நிற்பது என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு. இதை முதல் நாளே வைத்திருக்கவேண்டும்.

ஆனால் கோபிப் பாலைவனத்தின் கோங்கோரின் மணல்மேடுகளில் ஏறிய சாயங்காலத்துக்காக அந்த எட்டு நாளின் புழுதியையும் மன்னித்துவிடலாம். இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கும். சைவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் மாறி மாறி அவர் முதுகைத் தள்ளினோம். உச்சியிலிருந்து உட்கார்ந்தபடியே சறுக்கினால் மணல் உறுமுகிறது, தூரத்தில் விமானம் போவதுபோல ஒரு கனத்த சத்தம். நான்கு பேரும் சேர்ந்து சறுக்கினோம், சத்தம் நான்கு மடங்கு. தனியாகப் போயிருந்தால் அந்தச் சத்தம் கிடைத்திருக்காது.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, அதுவே அதன் சிறப்பு. உலான்பாத்தரிலிருந்து செத்சர்லெக் போகும் சாலை தார்ச்சாலை. பகல் முழுக்க உட்கார்ந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். மூன்றிலும் செலவு மிகக் குறைவு இதில்தான், பேச்சுக்கே இடமில்லை. முடிவெடுக்க எதுவும் இல்லாததால் சண்டையும் இல்லை. எங்கே நிற்பது, எப்போது சாப்பிடுவது எல்லாம் ஓட்டுநர் கையில். பக்கத்துச் சீட்டுப் பாட்டி 'ஆரூல்' கொடுத்தார். தயிரை மோர் மிளகாய் மாதிரி வெயிலில் காயவைத்து எடுத்த வெள்ளைக் கட்டி. கடித்தால் பல் போய்விடும், ஊறவைத்து ஊறவைத்துத்தான் தின்னவேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் அலுத்துப்போயிருந்த நேரம் அது. ஆளுக்கொரு மூலையில் சீட்டு கிடைத்ததே பெரிய நிம்மதி.

பஸ் போய்ச் சேருகிற இடம்தான் சிக்கல். மாவட்டத் தலைநகரில் இறக்கிவிட்டுவிடும். நாம் பார்க்க வந்த ஏரியும் எரிமலை வாயும் இன்னும் எங்கேயோ இருக்கும். அங்கிருந்து சிறு வேன்கள் உண்டு, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்தது என்பதற்கு நம் ஊர் ஷேர் ஆட்டோ இலக்கணம்தான். தெர்க்கின் சகான் ஏரிக்குப் போக அப்படி ஒரு முழுக் காலையை மார்க்கெட் வாசலில் கழித்தோம். தனி ஆளாக இருந்தால் மிஞ்சிய ஒரு இடத்தில் நுழைந்திருக்கலாம். நான்கு பேர், நான்கு பெரிய பை என்றவுடன் ஓட்டுநர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஜீப் எங்கள் எல்லோருடைய கனவு. சுதந்திரம், பாட்டு, நினைத்த இடத்தில் கூடாரம். நான்கு பேரில் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் நான். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும்; ஆனால் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் முந்திச் செல்ல நினைக்கும் ஒவ்வொரு காரும் பாதி உடம்பை எதிர்த்தடத்தில் நீட்டித்தான் எட்டிப் பார்க்கும். முதல் நாள் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. இன்னொன்று, நம் ஊர் சர்வதேச லைசென்ஸ் செல்லுமா, காப்பீடு அதை ஏற்குமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்கோரின் என்ற ஊரில் எர்தேன் ஸூ பௌத்த மடத்தைப் பார்த்துவிட்டு ஓர்கோன் அருவிக்குக் கிளம்பினோம். அருவி சுமார் 20 மீட்டர் உயரம், எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைப் படுகையில் விழுகிறது. பாதையும் அதே கரும்பாறைதான். ஒரு டயர் போனது. அதற்கு அப்புறம் ஒரு ஓடை, முந்தின நாள் மழையில் பெருகியிருந்தது. இறங்கி நடந்து ஆழம் பார்க்காமல் வண்டியை விடக்கூடாது என்பது அங்கே பாலபாடம். நான் விட்டேன். நடுவில் நின்றது. மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் டிராக்டரைக் கொண்டுவரும் வரை மூன்று மணி நேரம் மூன்று பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேனில் தப்பு நடந்தால் பழி வண்டி மேல். பஸ்ஸில் நடந்தால் தலைவிதி மேல். ஜீப்பில் நடந்தால் நண்பன் மேல். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கை எல்லோரும் போடுகிறார்கள், இதை யாரும் போடுவதில்லை. ஓட்டுகிறவனுக்கும் குறை உண்டு: பின்னால் இரண்டு பேர் குறட்டை விடும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குழி எண்ணுவது லேசான வேலை இல்லை. ஓட்டத் தெரிந்தவர் குறைந்தது மூன்று பேர் இல்லாத கூட்டத்துக்கு ஜீப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சாப்பாடு. சைவம் சாப்பிடும் ஆள் கூட்டத்தில் இருந்தால் மற்ற கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம். 'குவான்ஸ்' எனப்படும் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் எல்லாமே ஆட்டிறைச்சி. இறைச்சி வேண்டாம் என்றால் இறைச்சியைப் பொறுக்கிவிட்டு மீதி நூடுல்ஸைக் கொடுப்பார்கள். கொழுப்பு வாசனை போகாது. டீ கேட்டால் உப்புப் போட்ட பால் டீ வரும். முதல் மிடறில் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பஸ் பயணத்தில் சைவர் ரொட்டியும் வெள்ளரிக்காயும் தின்றே ஐந்து நாளை ஓட்டினார். வேனிலும் ஜீப்பிலும் அடுப்பு வைத்துக்கொள்ளலாம். காஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, உலான்பாத்தரிலேயே வாங்கவேண்டும். அரிசியும் அங்கேயே கிடைக்கிறது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஊரிலிருந்து வந்தவை.

நாடோடிக் குடும்பங்களின் வட்டக் கூடாரமான கெர்களில் வேன் ஓட்டுநரோடு போனால் மரியாதையே வேறு. தூரத்திலேயே 'நொகோய் ஹோர்' என்று குரல் கொடுப்பார், நாயைப் பிடி என்று அர்த்தம். உள்ளே நுழையும்போது வாசற்படியை மிதிக்கக்கூடாது. இது எங்கள் யாருக்கும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. அடுப்பில் எரிவது வறட்டி. அந்த வாசனையில் கணக்கர் தன் பாட்டி வீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், பத்து வருடப் பழக்கத்தில் நாங்கள் கேட்டிராத கதைகள்.

ஜூலை 11 முதல் 13 வரை நாதம் திருவிழா. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை எல்லாம் உண்டு, பார்க்கவேண்டியதுதான். ஆனால் அதை ஒட்டி பஸ் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், ஓட்டுநர்களும் வீட்டோடு இருக்கவே விரும்புவார்கள். அந்த நாட்களில் வேன் வேண்டுமென்றால் வெகு முன்னதாகவே பேசிவையுங்கள்.

எங்கள் அஹாவை எட்டாம் நாள் தலைநகரில் வழியனுப்பினோம். பாதி பாட்டில் புளிக்காய்ச்சலைச் சைவர் அவர் கையில் கொடுத்தார். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார், மதியத்துக்கு வைத்திருந்த இறைச்சிக் கொழுக்கட்டை ஒன்றை எடுத்து அதில் முக்கி வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை முக்கிச் சைவரிடம் நீட்டினார்.