மானாவாரிச் செம்மண் அரிப்புக்கு ஜிப்சமா, ஹைட்ரோஜெல்லா, பாலிஅக்ரிலமைடா?

மூன்றையுமே "மண் சீராக்கி" என்றுதான் விற்கிறார்கள். செய்யும் வேலையோ வேறு வேறு. தர்மபுரி, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் மழைத்துளி அடித்ததும் மண்கட்டி உடைந்து, களித்துகள் கலங்கி, நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. காய்ந்தால் பொருக்கு. அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. பொருக்கை எது தடுக்கிறதோ அதற்குத்தான் இங்கே மதிப்பெண்.

முதலிடம் ஜிப்சத்துக்கு. மழைநீரில் உப்பு கிடையாது என்பதால் களி சட்டென்று பிரிந்து கலங்கும். ஜிப்சம் கரைந்து வரும் சுண்ணாம்புச்சத்து அதைத் திரளவைக்கிறது. பொருக்குத் தட்டும் நிலத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 2 டன், அதாவது ஏக்கருக்கு 800 கிலோ, 50 கிலோ மூட்டையில் 16. கூடவே ஹெக்டேருக்கு 10 டன் தொழுவுரம் அல்லது 12.5 டன் மக்கிய தென்னைநார்க்கழிவு. நிலக்கடலைக்கு ஹெக்டேருக்குப் போடும் 400 கிலோவே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காய் திரள்வதற்கான அளவு. பொருக்குக்குத் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்கு.

கடைசி உழவில், நிலம் பக்குவ ஈரத்தில் இருக்கும்போது பரவலாகத் தூவி மேலோட்டமாகக் கலக்க வேண்டும். ஆழ உழுது புதைத்தால் மழைத்துளி விழும் இடத்தில் ஜிப்சம் இருக்காது, போட்ட பணம் அடியில் கிடக்கும். ஒரு லிட்டர் நீரில் சுமார் 2.4 கிராம் கரையும் பொருள் என்பதால் நல்ல பருவமழையிலேயே பெரும்பகுதி போய்விடும். ஒருமுறை போட்டால் நிரந்தரம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். வாங்கும்போது தூய்மை 70 சதவீதத்துக்குக் குறையாததா, மாவுபோல் நைசாக இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டை ஈரமாக இருந்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

உங்கள் நிலத்துக்கு இது பலிக்குமா என்று பார்க்க ஒரு டம்ளர் மழைநீர் போதும். காய்ந்த சிறு மண்கட்டியை மெல்ல உள்ளே விடுங்கள், கலக்க வேண்டாம். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் ஜிப்சம் கேட்கிற மண். கட்டி பொலபொலவென்று உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாகவே நின்றால் அங்கே குறை மக்குச்சத்து. ஜிப்சத்தைவிடத் தொழுவுரத்துக்குச் செலவழியுங்கள்.

அடுத்து பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கைப் பாலிமர். வேலை செய்கிறது, ஆனால் வாங்குவதில்தான் ஏமாற்றம். தேவை நீரில் கரையும் அனயானிக் (எதிர்மின்) வகை. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று நூல் இழுக்க வேண்டும். கரையாமல் ஜெல்லிக் கட்டியாக உப்பினால் அது தண்ணீரை உறிஞ்சி வைக்கும் ஹைட்ரோஜெல். கேட்டயானிக் (நேர்மின்) வகை ஊரணிக்குப் போனால் மீன் செத்துவிடும், வேண்டவே வேண்டாம். ஆய்வுகளில் மானாவாரிக்குப் பயன்பட்ட உயர் அளவு ஹெக்டேருக்கு 20 கிலோ, ஏக்கருக்கு 8 கிலோ. களியும் இதுவும் எதிர்மின் கொண்டவை. இரண்டையும் பிணைக்கச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். ஆகவே ஜிப்சத்தோடு கலந்து விதைப்பு முடிந்தபின் மேலே தூவ வேண்டும். பிறகு களை எடுக்க மண்ணைக் கிளறினால் அந்த இடத்தில் பிணைப்பு போச்சு. குருணை சிந்திய இடத்தில் தண்ணீர் பட்டால் பயங்கரமாக வழுக்கும், கவனம்.

ஹைட்ரோஜெல் நல்ல பொருள்தான், இந்த வேலைக்கு அல்ல. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல், ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ, விதைச்சாலில் போடுவது. வேரடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேற்பரப்புப் பொருக்கை அது தொடுவதே இல்லை. ஜிப்சம் பட்டால் உப்பலும் குறையும்.

சரிவில் ஏற்கெனவே ஓடை விழுந்த இடத்தில் மூன்றுக்கும் பூஜ்யம். அங்கே சம உயர வரப்பும் வெட்டிவேர் வரிசையும் முதலில், மூட்டை அப்புறம்.