எண் ஒட்டாத முகவரி: டர்பன் அலுவலகத்தில் கூகுள் ஒர்க்ஸ்பேஸ்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நம்பி நடக்கும், கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் அட்மின் வேலை பார்க்கிறேன். மொத்தம் 46 பேர். அதில் ஆறு கோவெண்டர், ஐந்து நாயுடு, நான்கு பிள்ளை, மூன்று மூட்லி. இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் சாதிப் பட்டங்கள் பலவும் காலப்போக்கில் குடும்பப் பெயராக நின்றுவிட்டன. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். ஒரே பெயர் என்பதால் உறவு என்று அர்த்தமில்லை.

எங்கள் பழைய மெயில் சேவையை அமைத்துக் கொடுத்தவர் பெயரின் முதல் எழுத்தையும் குடும்பப் பெயரையும் ஒட்டி முகவரி வைத்துவிட்டுப் போனார். அதே முகவரி இரண்டாவது ஆளுக்கும் வந்தால் பின்னால் 2 என்று சேர்த்துக்கொள்ள வேண்டியது. இப்படித்தான் பிநாயுடு ஒருவரும், பிநாயுடு2 ஒருவரும் ஆனார்கள்.

பிநாயுடு கணக்குப் பிரிவில் இருக்கும் ஆன்ட்டி. பிநாயுடு2 இறக்குமதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன். செப்டம்பர் 24 விடுமுறைக்கு முந்தைய நாள், கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் யாரோ அந்த 2-ஐ விட்டுவிட்டு டெலிவரி ஆர்டரை, அதாவது சரக்கை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் கடிதத்தை, அனுப்பிவிட்டார்கள். அது ஆன்ட்டியின் இன்பாக்ஸில் போய் விழுந்தது. அவர் அன்று மதியமே கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தோம். அதுவரை டெர்மினலில் நின்ற கன்டெய்னருக்குச் சேமிப்புக் கட்டணம் எங்கள் தலையில்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. அப்புறம் டீ குடிக்கும்போது ஆன்ட்டி சொன்னதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா இங்கே இறங்கியபோது அவருக்கும் ஓர் எண் கொடுத்தார்களாம். வந்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஓர் எண் உண்டு. "அந்தப் பையனுக்கு எதுக்குப்பா நம்பர்?" என்று கேட்டார். சேவையை மாற்றும்போது எந்த முகவரியிலும் எண் இருக்காது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஒன்றரை வருடமாக, நிறுவனங்களுக்கு கூகுள் தரும் மெயில் சேவையான கூகுள் ஒர்க்ஸ்பேஸ் பயன்படுத்துகிறோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது மாற்றுப் பெயர் வசதி. ஒருவருக்கு 30 மாற்று முகவரிகள் வரை தனிக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். முகவரியையே மாற்றினாலும் பழைய முகவரி தானாக மாற்று முகவரியாக நின்றுவிடும், அதற்கு வரும் கடிதம் எதுவும் தொலையாது. கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட இருவருக்கு இது பெரிய உதவி. ஒருவர் பிள்ளையிலிருந்து படையாச்சி ஆனார். பழைய வாடிக்கையாளர்கள் இன்றும் பிள்ளைக்கே எழுதுகிறார்கள், எல்லாம் அவருக்கே வந்து சேர்கிறது.

இப்போது எங்கள் வழக்கம் இது: கூப்பிடும் பெயர், புள்ளி, குடும்பப் பெயர். கூப்பிடும் பெயர் எது என்பதை அந்த ஆளிடமே கேட்கிறோம். கிடங்கு மேற்பார்வையாளருக்கு அடையாள அட்டையில் முதலில் இருப்பது ஓர் ஆங்கிலப் பெயர், பள்ளிக்கூடத்தில் வைத்ததாம். அவரை அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. ஜூலுப் பெயரில் முகவரி கேட்டார், கொடுத்தோம். பெயரும் குடும்பப் பெயரும் இருவருக்கு ஒன்றாகவே வந்தால் நடுவில் இன்னொரு பெயரைச் சேர்க்கிறோம். அதையும் அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

புள்ளி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சாதாரண ஜிமெயிலில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் சொந்த டொமைனில், அதாவது @ குறிக்குப் பின் நிறுவனத்தின் பெயரே வரும் முகவரியில், அப்படி இல்லை, புள்ளி விட்டுப்போனால் அது வேறு முகவரி. அதனால் எல்லோருக்கும் புள்ளி இல்லாத வடிவத்தையும் மாற்று முகவரியாகச் சேர்த்துவிட்டேன். எழுத்துக்கூட்டலுக்கும் அப்படியே. நாயுடுவுக்கு இங்கே கடைசியில் இரண்டு ஓ, இந்தியாவிலிருந்து எழுதுபவர்கள் யூ போடுகிறார்கள். இரண்டும் வந்து சேரட்டும். அண்டர்ஸ்கோர் மட்டும் வேண்டவே வேண்டாம். லிங்க்குக்குக் கீழே வரும் கோட்டில் அது மறைந்துபோகும், ஃபோனில் சொல்லவும் வாய் வராது.

குறை என்று சொன்னால், புதிய பயனரைச் சேர்க்கும் படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கிறது. நான் தஞ்சாவூர்க்காரன். எங்களுக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பழைய சேவையிலும் அதுவே முகவரியாகிப்போனதால் இரண்டு வருடம் என்னை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அப்பாவை அவ்வளவு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, மனசுக்கு என்னவோபோல் இருந்தது. இப்போது என் முகவரியில் என் பெயர் முன்னால், அப்பாவின் முதல் எழுத்து மட்டும் பின்னால். விதிக்கு விலக்குதான். அந்த விலக்கைக் கேட்கும் எவருக்கும் கொடுக்கிறேன்.

டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் போன்றவை ஆள் பெயருக்கே வரக்கூடாது என்பதையும் அந்தக் கன்டெய்னர்தான் கற்றுக்கொடுத்தது. இம்போர்ட்ஸ், அக்கவுன்ட்ஸ் என்று குழு முகவரிகள் வைத்தோம். குழுவுக்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டாம். ஒருவர் லீவில் போனாலும் மற்ற மூன்று பேர் கண்ணில் படும்.

வேலையை விட்டுப் போனவரின் முகவரியை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. போனவரின் வங்கிக் கடிதமும் டாக்டர் கடிதமும் புதியவருக்கு வரக்கூடாது அல்லவா? கணக்கை நீக்குமுன் நிதானமாக யோசியுங்கள், நீக்கிய பிறகு மீட்டெடுக்க 20 நாள்தான் அவகாசம்.

பெயர்ப் பிரச்சினை உள்ள அலுவலகங்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முகவரி வழக்கத்தை மட்டும் அமைத்துக் கொடுப்பவரிடம் விட்டுவிடாமல் நீங்களே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எங்களுக்கு அதற்கு ஒரு முழு வெள்ளிக்கிழமை ஆனது, 46 பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டோம். இறக்குமதிப் பிரிவுப் பையன் தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி, நான் தட்டியதைத் திரையில் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்து போனான்.